ரிவோக், ரிசிண்ட்: இரண்டையும் 'ரத்து' என்று எழுதினால் எங்கே சிக்கல் வரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஃபர் லெட்டர், வக்கீல் நோட்டீஸ், பவர் பத்திரம், விசா மின்னஞ்சல், அரசாணை என்று எதைத் திறந்தாலும் இந்த இரண்டு ஆங்கில வினைச்சொற்களில் ஒன்று இருக்கும். தமிழில் இரண்டுக்கும் 'ரத்து செய்தல்' என்று எழுதிப் பழகிவிட்டோம். செய்தித் தலைப்புக்கு அது போதும். கையெழுத்துப் போடப்போகும் காகிதத்துக்குப் போதாது.

ஒரே மூச்சில் சொன்னால் என்ன வேறுபாடு?

ஒருவருக்குக் கொடுத்துவைத்த அனுமதி, அதிகாரம், உரிமை போன்றவற்றைக் கொடுத்தவரே திரும்ப எடுத்துக்கொண்டால் ரிவோக். ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், விசா, பவர், உயில் எல்லாம் இந்தப் பக்கம். எடுத்த முடிவை, போட்ட உத்தரவை, செய்துகொண்ட ஒப்பந்தத்தை இல்லாமல் ஆக்கினால் ரிசிண்ட்.

லத்தீன் வேரிலேயே இந்தப் பிரிவு இருக்கிறது. ரிவோக் என்பது 'திரும்ப அழை' என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. ரிசிண்ட் என்பதன் வேருக்கு 'வெட்டு, கிழி' என்று பொருள். அனுப்பிவைத்ததைத்தான் திரும்ப அழைக்க முடியும். கட்டியதைத்தான் வெட்ட முடியும். எந்தச் சொல் பொருந்தும் என்ற சந்தேகம் வரும்போது இதை நினைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும்.

விளைவு எந்தத் தேதியிலிருந்து? இன்றிலிருந்தா, தொடக்கத்திலிருந்தா?

உண்மையில் காசு விளையாடும் இடம் இதுதான். ரிவோக் பொதுவாக அன்றிலிருந்து முன்னோக்கி வேலை செய்யும். அதுவரை அந்த அனுமதியை வைத்துச் செய்தவை செல்லும். ரிசிண்ட், குறிப்பாக மோசடி அல்லது தவறான தகவலால் ஒப்பந்தம் ரிசிண்ட் ஆகும்போது, தொடக்கத்துக்கே போகும். இரு தரப்பும் ஒப்பந்தத்துக்கு முன்பிருந்த நிலைக்குத் திரும்ப வேண்டும்.

அரசு ஊழியரின் சஸ்பென்ஷன் நல்ல எடுத்துக்காட்டு. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1965-ஆம் ஆண்டு ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 10-வது விதி, சஸ்பென்ஷன் உத்தரவை மாற்றலாம் அல்லது ரிவோக் செய்யலாம் என்கிறது. ரிவோக் ஆனதும் ஊழியர் வேலைக்குத் திரும்புவார். ஆனால் வெளியே இருந்த நாள்கள் தானாகப் பணிக்காலமாக மாறிவிடாது. அந்தக் காலத்துக்கு என்ன சம்பளம், அது பணிக்காலமா இல்லையா என்பதற்கு அடிப்படை விதி 54-பி-இன் கீழ் தனி உத்தரவு வேண்டும். 'ரத்து ஆகிவிட்டதே, முழுச் சம்பளமும் வந்துவிடும்' என்று எதிர்பார்த்து ஏமாறுகிறவர்களுக்கு இந்த வேறுபாடுதான் விளக்கம்.

சட்டம் வேறு மாதிரி சொன்னால் அதுதான் செல்லும். அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 221(ஐ) பிரிவில் விசா ரிவோக் ஆனால், அது வழங்கிய நாளிலிருந்தே செல்லாது. 205-வது பிரிவில் குடிவரவு மனுவுக்குத் தந்த ஒப்புதல் ரிவோக் ஆனாலும் ஒப்புதல் தேதிக்கே பின்னோக்கிப் போகும். ஆகவே ரிவோக் என்ற சொல்லைப் பார்த்ததும் 'இன்றிலிருந்துதான்' என்று முடிவு கட்டாமல், விளைவுத் தேதி சொல்லும் வரியைத் தேடிப் படியுங்கள்.

இரண்டு சொல்லும் ஒரே வாக்கியத்தில் வரும் இடம் ஏதாவது உண்டா?

நம் சட்டங்களிலேயே இரண்டு உண்டு, இரண்டும் அருமையானவை.

முதலாவது, 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 126-வது பிரிவு. ஒரு தானம் ஒப்பந்தமாக இருந்திருந்தால் எந்தக் காரணங்களுக்காக ரிசிண்ட் செய்ய முடியுமோ, அந்தக் காரணங்களுக்காகத் தானத்தை ரிவோக் செய்யலாம் என்கிறது அது. பிரதிபலன், அதாவது பதிலுக்குக் கிடைக்கும் மதிப்பு, இல்லாமை அல்லது கிடைக்காமை மட்டும் விதிவிலக்கு. தானம் ஒருவர் கொடுத்தது, அதனால் ரிவோக். ஒப்பந்தம் இருவர் கட்டியது, அதனால் ரிசிண்ட். அகராதியைவிடத் தெளிவாக ஒரு சட்டப்பிரிவு சொல்லிவிடுகிறது. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: 'எனக்குத் தோன்றும்போது திரும்ப எடுத்துக்கொள்வேன்' என்று கொடுத்தவரின் வெறும் விருப்பத்துக்கே விடப்பட்ட தானம் செல்லாது.

இரண்டாவது, 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 66-வது பிரிவு. ரிசிண்ட் செய்ததைத் தெரிவிக்கவும் ரிவோக் செய்யவும், முன்மொழிவுக்கு (ஆஃபருக்கு) உள்ள அதே விதிகள் பொருந்தும் என்கிறது. ஒப்பந்தத்தை வெட்டுகிறேன் என்று அனுப்பிய அறிவிப்பையே, அது மற்றவருக்குப் போய்ச் சேர்வதற்கு முன் திரும்ப அழைத்துக்கொள்ளலாம்.

ஒரு ஆஃபரை எதுவரை ரிவோக் செய்யலாம்?

ஒப்பந்தச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி, ஏற்பு முன்மொழிந்தவரைக் கட்டுப்படுத்தும் நொடிவரை. அந்த நொடி எது என்பதை 4-வது பிரிவு சொல்கிறது: ஏற்றவர் தன் பதிலைத் திரும்பப் பிடிக்க முடியாதபடி அனுப்பிவிட்ட நேரம். ஆனால் ரிவோக் செய்யும் கடிதமோ, மற்றவர் அறிந்த பிறகுதான் அவரைக் கட்டுப்படுத்தும். ஏற்புக்கு அனுப்பியதே போதும், ரிவோக்குக்குச் சேர்ந்தாக வேண்டும். இந்தச் சமனின்மையைக் கவனிக்காமல் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

1880-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான பர்ன் - வான் டீன்ஹோவன் வழக்கு இதற்குப் பாடப்புத்தக எடுத்துக்காட்டு. கார்டிஃபில் இருந்த வியாபாரிகள் நியூயார்க்கில் இருந்தவர்களுக்கு 1,000 பெட்டி தகரத் தகடு விற்பதாக அக்டோபர் 1 அன்று கடிதம் போட்டார்கள். 8-ஆம் தேதி மனம் மாறி, ரிவோக் செய்து இன்னொரு கடிதம் போட்டார்கள். முதல் கடிதம் 11-ஆம் தேதி சேர்ந்தது, அன்றே தந்தியில் ஏற்பு போனது. இரண்டாம் கடிதம் 20-ஆம் தேதிதான் சேர்ந்தது. ஒப்பந்தம் 11-ஆம் தேதியே உண்டாகிவிட்டது, ரிவோக் செல்லாது என்றது நீதிமன்றம். ஏற்பு போன பிறகு ரிவோக் என்ற பேச்சே கிடையாது. அதன்பின் ஒப்பந்தத்தை ரிசிண்ட் செய்யக் காரணம் இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி.

ரிசிண்ட் செய்ய மனம் மாறினால் போதுமா? எப்படிச் செய்வது?

போதாது. சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணம் வேண்டும்: வற்புறுத்தல், தகாத செல்வாக்கு, மோசடி, தவறான தகவல். இல்லையென்றால் இரு தரப்பும் சேர்ந்து சம்மதிக்க வேண்டும். ஒப்பந்தச் சட்டத்தின் 62-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது.

ஓடோமீட்டரைத் திருத்தி விற்ற பழைய கார் ஒன்றை வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விஷயம் தெரிந்த நாளே வண்டி ஓட்டுவதை நிறுத்துங்கள். தெரிந்த பின்னும் தொடர்ந்து பயன்படுத்தினால் 'ஏற்றுக்கொண்டார்' என்று எதிர்த்தரப்பு வாதிடும், அந்த வாதம் எடுபடும். அடுத்து எழுத்தில் நோட்டீஸ். என்ன காரணத்துக்காக, எந்தத் தேதி ஒப்பந்தத்தை ரிசிண்ட் செய்கிறீர்கள் என்பது அதில் இருக்க வேண்டும். வண்டியைத் திருப்பித் தரத் தயார் என்றும் எழுதுங்கள். ரிசிண்ட் செய்பவர் தான் பெற்ற பலனைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது 64-வது பிரிவு. வண்டியும் எனக்கு, பணமும் எனக்கு என்றால் அது ரிசிண்ட் ஆகாது.

வழக்கு போடக் காலக்கெடு, உண்மை தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டு (1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம், 59-வது இனம்). இதற்கு நடுவில் விவரம் அறியாத மூன்றாமவர் நல்லெண்ணத்தோடு உரிமை பெற்றுவிட்டாலோ, பழைய நிலைக்குத் திரும்பவே முடியாமல் போனாலோ, ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 27-வது பிரிவின்படி நீதிமன்றம் மறுக்கலாம். இன்னொரு பொறி ஒப்பந்தச் சட்டத்தின் 19-வது பிரிவின் விதிவிலக்கில் இருக்கிறது. தவறான தகவல் தரப்பட்டிருந்தாலும், அல்லது மோசடியாக மௌனம் காத்திருந்தாலும், சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் நீங்களே உண்மையைக் கண்டுபிடித்திருக்கலாம் என்றால் ஒப்பந்தம் நிற்கும். வாங்குவதற்கு முன் சர்வீஸ் பதிவேட்டைக் கேட்டுப் பார்த்ததற்கு ஆதாரம் வைத்திருப்பது இதற்காகத்தான்.

பவர் பத்திரத்தை ரிவோக் செய்வது எப்படி?

பவர் கொடுத்தவர் தனியாகவே செய்யலாம். பவர் பதிவானதாக இருந்தால் ரத்துப் பத்திரத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். ஆனால் பதிவோடு வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் பெரிய தவறு. ஒப்பந்தச் சட்டத்தின் 208-வது பிரிவில், ரத்து ஏஜென்டை, அதாவது பவர் வாங்கியவரை, கட்டுப்படுத்துவது அவருக்குத் தெரிந்த பிறகு. மூன்றாமவரைப் பொறுத்தவரை, மூன்றாமவருக்குத் தெரிந்த பிறகு. விவரம் தெரியாத ஒருவர் ஏஜென்டிடம் முன்பணம் கொடுத்துவிட்டால் அது உங்கள் தலையில் விடியலாம். அதனால் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் வகையில் ஏஜென்டுக்குத் தபால் அனுப்புங்கள். வங்கி, குடியிருப்பவர், பேச்சுவார்த்தையில் இருக்கும் வாங்குபவர் ஆகியோருக்குத் தனித்தனிக் கடிதம் போகட்டும். உள்ளூர் நாளிதழில் அறிவிப்பும் கொடுங்கள். அசல் பவரைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள், தரமறுத்தால் கேட்டதற்கு எழுத்துச் சான்று வைத்திருங்கள்.

ஏஜென்ட் ஏற்கெனவே செய்து முடித்தவற்றை இந்த ரிவோக் தொடாது. பாதி வேலை நடந்திருந்தால் நடந்தவரை உங்களைக் கட்டுப்படுத்தும். 204-வது பிரிவு அதைச் சொல்கிறது.

'இரெவக்கபிள்', அதாவது ரிவோக் செய்ய முடியாதது, என்று பத்திரத்தில் எழுதியிருந்தால்? அந்தச் சொல் மட்டும் பவரை அசைக்க முடியாததாக ஆக்காது. பவரின் பொருளாக உள்ள சொத்தில் ஏஜென்டுக்கே உரிமை இருக்க வேண்டும். கடனுக்கு ஈடாக, நிலத்தை விற்றுப் பணத்தை எடுத்துக்கொள் என்று கொடுத்த பவர் அப்படிப்பட்டது. 202-வது பிரிவு பாதுகாப்பது இதைத்தான்.

விற்ற நிலத்தின் கிரயப் பத்திரத்தை இப்படி ரிவோக் செய்யலாமா?

முடியாது. உரிமை கைமாறிவிட்டது, திரும்ப அழைக்க உங்களிடம் எதுவும் மிச்சமில்லை. விற்றவர் ஒருதலையாக ரத்துப் பத்திரம் எழுதிப் பதிவது செல்லாது என்று 2011-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு லத்தீஃப் எஸ்டேட் லைன் வழக்கில் தெளிவாக்கியது. மோசடி என்றால் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும்.

உயிலுக்கு எந்தச் சொல்?

எப்போதும் ரிவோக்தான். எழுதியவர் தெளிந்த மனதோடு உயிருடன் இருக்கும்வரை எத்தனை முறையும் செய்யலாம். 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 70-வது பிரிவு வழிகளைச் சொல்கிறது: புது உயில், உயிலைப் போலவே சாட்சிகளோடு எழுதிய ரத்துப் பத்திரம், அல்லது ரத்து செய்யும் எண்ணத்தோடு எரிப்பது, கிழிப்பது. பேனாவால் குறுக்கே கோடு போட்டால் போதாது. உயிலுக்குரிய முறையில் கையெழுத்தும் சாட்சியும் இல்லாத அடித்தல் திருத்தலுக்குப் பலன் கிடையாது. திருமணம் ஆனால் கிறிஸ்தவரின் பழைய உயில் தானாக ரிவோக் ஆகிவிடும், இந்துவின் உயில் ஆகாது. இதைத் தெரியாமல் திருமணத்துக்குப் பின்னும் பழைய உயிலை நம்பியிருக்கும் குடும்பங்கள் உண்டு.

வேலை ஆஃபரில் 'ரிசிண்டட்' என்று வருகிறது, 'ரிவோக்டு' என்றும் வருகிறது. எது சரி?

அமெரிக்க வழக்கில் ரிசிண்ட், பிரிட்டனில் பெரும்பாலும் வித்ட்ரா, இந்திய எச்.ஆர். கடிதங்களில் ரிவோக். மூன்றும் புழக்கத்தில் உண்டு, இதற்காக யாரையும் திருத்த வேண்டியதில்லை. சொல்லைவிட முக்கியம், நீங்கள் ஏற்றுக் கையெழுத்திட்ட மின்னஞ்சல் எந்தத் தேதியில் போனது, ஆஃபரில் என்ன நிபந்தனை இருந்தது என்பவை. பின்னணிச் சரிபார்ப்பு முடிந்தால்தான் வேலை என்று எழுதியிருந்தால், அது முடியும்வரை பழைய வேலையில் ராஜினாமா கொடுக்காமல் இருப்பது நல்லது.

உங்கள் பக்கத்திலிருந்து எழுதும்போது இரண்டுமே வேண்டாம். ராஜினாமாவையோ விண்ணப்பத்தையோ திரும்பப் பெற 'வித்ட்ரா'தான் இயல்பு. 'ஐ ரிவோக் மை ரெசிக்னேஷன்' என்றால் அதிகாரி தொனி வந்துவிடும்.

வொர்க்டே என்ற எச்.ஆர். மென்பொருளில் கேன்சல், ரிசிண்ட் என்று இரண்டு பொத்தான்கள் ஏன்?

அங்கே வேறுபாடு கறாரானது. ஒப்புதலுக்காக இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்துவது கேன்சல். முடிந்துபோனதைப் பின்னோக்கி அழித்து முந்தைய நிலைக்குக் கொண்டுபோவது ரிசிண்ட். முடிந்ததில் ஒரு தேதியோ தொகையோ மட்டும் தவறு என்றால் கரெக்ட். சம்பளத் தொகையில் ஓர் எண் பிசகியதற்கு ரிசிண்ட் அழுத்தினால் மொத்த மாற்றமும் போய்விடும், முதலிலிருந்து ஒப்புதல் வாங்க வேண்டும்.

ஜி.எஸ்.டி.யில் 'ரெவகேஷன் ஆஃப் கேன்சலேஷன்' என்கிறார்களே, ரத்தையே ரத்து செய்வதா?

ஆமாம். அதிகாரி தானாகப் பதிவை ரத்து செய்திருந்தால், அந்த ரத்தை எடுத்துவிடக் கோரும் மனு இது. படிவம் ஆர்.இ.ஜி.-21. ரத்து உத்தரவு கைக்கு வந்ததிலிருந்து 90 நாள்களுக்குள் போடவேண்டும். தாமதத்துக்குப் போதிய காரணம் காட்டினால் மேலும் 180 நாள்வரை நீட்டிக்க மேலதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

ரிட்டர்ன் போடாததால் ரத்தாகியிருந்தால், நிலுவை ரிட்டர்ன்களையும் வரி, வட்டி, அபராதம், தாமதக் கட்டணம் ஆகியவற்றையும் முடித்துவிட்டுத்தான் மனு செய்யவேண்டும். ஏற்கப்பட்டால் ஆர்.இ.ஜி.-22 உத்தரவு வரும். மறுக்க நினைத்தால் ஆர்.இ.ஜி.-23 நோட்டீஸ் வரும், அதற்கு 7 வேலை நாள்களில் ஆர்.இ.ஜி.-24 பதில் தரவேண்டும். பதிவு திரும்பக் கிடைத்ததும் நிம்மதியாக உட்கார்ந்துவிடக் கூடாது. இடைப்பட்ட காலத்துக்கான ரிட்டர்ன்களை 30 நாள்களுக்குள் போட்டாக வேண்டும்.

அமெரிக்காவில் வீட்டுக்கடனில் வரும் 'ரைட் ஆஃப் ரிசிஷன்' என்றால்?

காரணமே சொல்லாமல் ரிசிண்ட் செய்யக் கிடைக்கும் அரிய உரிமை இது. குடியிருக்கும் வீட்டை அடமானம் வைத்து வேறொரு கடன் நிறுவனத்துக்கு மாறும்போதும், வீட்டு மதிப்பின்மேல் கடன் எடுக்கும்போதும் பொருந்தும். வீடு வாங்கவே எடுக்கும் கடனுக்குக் கிடையாது. கெடு, கடன் முடிவான பின் வரும் மூன்றாவது வணிக நாளின் நள்ளிரவு. இந்தக் கணக்கில் சனிக்கிழமை வணிக நாள்தான். ஞாயிறும் பொது விடுமுறையும் மட்டும் சேராது. எழுத்தில் அனுப்ப வேண்டும், தபாலில் போட்ட நேரமே அனுப்பிய நேரம். பெற்ற 20 நாள்களுக்குள் கடன் நிறுவனம் நீங்கள் கட்டியதைத் திருப்பித் தந்து அடமானத்தை நீக்கும் வேலையைச் செய்யவேண்டும். கொடுக்கவேண்டிய முக்கிய விவரங்களை அவர்கள் கொடுக்கவில்லை என்றால் இந்த உரிமை 3 ஆண்டுவரை நீளும்.

விருது, பட்டம், குடியுரிமை எல்லாம் பறிக்கப்பட்டால்?

ஒரே மனிதருக்கு ஒரே காரணத்துக்காக மூன்று சொல்லும் வந்த நிகழ்வு உண்டு. மியான்மரில் ரோஹிங்கியா மக்கள்மீதான கொடுமையைத் தடுக்காத அந்நாட்டின் அன்றைய தலைவர் ஆங் சான் சூச்சிக்கு 2012-இல் தந்த எலி வீசல் விருதை அமெரிக்காவின் ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகம் 2018 மார்ச்சில் ரிசிண்ட் செய்தது. கனடா தன் கௌரவக் குடியுரிமையை அதே ஆண்டு அக்டோபரில் ரிவோக் செய்தது. அடுத்த மாதம் ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு தன் விருதை வித்ட்ரா செய்தது. விருது தருவதென ஒரு குழு எடுத்த முடிவு வெட்டப்பட்டது. குடியுரிமை என்ற தகுதி பறிக்கப்பட்டது. பட்டம், உரிமம் போன்ற தகுதிகளுக்கு ரிவோக்கே வழக்கம். கல்லூரியில் சேரும் முன்பே இடம் பறிபோனால் அமெரிக்காவில் ரிசிண்ட் என்பார்கள்.

அரசாணைக்கு?

இந்தியாவில் ரிசிண்ட். 1897-ஆம் ஆண்டு ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 21-வது பிரிவு, ஆணை போடும் அதிகாரத்துக்குள் அதை ரிசிண்ட் செய்யும் அதிகாரமும் அடங்கும் என்கிறது. சட்டமன்றமோ நாடாளுமன்றமோ இயற்றிய சட்டத்துக்கு ரிப்பீல். அமெரிக்க அதிபர் ஆணைகளில் இரண்டும் கலந்துதான் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதாக பிரிட்டன் தந்த அறிவிப்பைத் தானாகவே ரிவோக் செய்யலாம் என்று 2018 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. அறிவிப்பு அனுப்பியது, ஆகவே அழைத்துக்கொள்ளலாம்.

எழுதும்போதும் பேசும்போதும் என்னென்ன தவறுகள் வருகின்றன?

ரிசிண்டின் பெயர்ச்சொல் ரிசிஷன். அதன் எழுத்துக்கூட்டலில் எஸ்-க்குப் பின் சி, பிறகு ஐ, அதன்பின் இரட்டை எஸ். ஒரு எழுத்து விட்டாலும் கணினி அதைப் பொருளாதார மந்தத்தைக் குறிக்கும் ரிசெஷனாக மாற்றிவிடும் வாய்ப்பு உண்டு. அனுப்பும் முன் பாருங்கள். 'ரெஸ்கிண்ட்' என்று உச்சரிக்கக் கூடாது, நடுவில் ககர ஒலி இல்லை. ரிவோக்கின் பெயர்ச்சொல்லில் கே போய் சி வரும்: ரெவகேஷன்.

'ரிவோக் பேக்' வேண்டாம், திரும்ப என்ற பொருள் உள்ளேயே இருக்கிறது. ஆளை ரிவோக் செய்ய முடியாது; ஆளின் உரிமத்தைத்தான் செய்ய முடியும். 'இன்வோக்' நேர் எதிர்த்திசையில் போகும் சொல்: ஓர் உரிமையைக் கையில் எடுத்துப் பயன்படுத்துவது. ஒப்பந்த வரியில் இவை இடம் மாறினால் பொருள் தலைகீழாகிவிடும். சொன்ன கூற்றைத் திரும்பப் பெற ரிட்ராக்ட், விற்ற பொருளைத் தயாரிப்பாளர் திரும்ப வாங்க ரீகால்.

தமிழில் எப்படி எழுதினால் குழப்பம் வராது?

'ரத்து' என்பதை விட்டுவிடத் தேவையில்லை, பக்கத்தில் இன்னொரு சொல்லும் தேதியும் வைத்தால் போதும். ரிவோக்குக்கு 'வழங்கிய அதிகாரம் இத்தேதி முதல் திரும்பப் பெறப்படுகிறது'. ரிசிண்டுக்கு 'ஒப்பந்தம் தொடக்கம் முதலே இல்லாததாக ரத்து செய்யப்படுகிறது, பெற்றவை திருப்பித் தரப்படும்'. அரசாணை என்றால் 'இத்தேதி முதல் நீக்கப்படுகிறது'. 'ஒப்பந்த முறிவு' என்பதை ரிசிண்டுக்குப் பயன்படுத்த வேண்டாம்; வாக்குத் தவறியதைக் குறிக்கவும் அதையே எழுதுகிறோம், நோட்டீஸில் உங்கள் மேலேயே பழியாகத் திரும்பும்.